வினாடி வினா ஆங்கிலத்தில் பாதி வாக்கியத்தை விழுங்குவது யார்?

கடைசிபெஞ்ச் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். விழுப்புரம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். போன வருடம் வினாடி வினா மன்றத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பழகட்டும் என்று அமெரிக்காவின் ஜெப்பர்டி நிகழ்ச்சித் துண்டுகளை யூடியூபில் போட்டுக் காட்டுகிறேன்.

நேற்று எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மடக்கிவிட்டாள். "சார், இது கேள்வியே இல்லையே. 'திஸ் கன்ட்ரி, திஸ் கன்ட்ரி' என்கிறார், எந்த நாடு என்று சொல்லவில்லை. முதல் வார்த்தையே 'ஹீ' என்று வருகிறது, யார் அந்த ஹீ? நாங்கள் பரீட்சையில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பார்களே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் உட்கார்ந்து கவனித்துப் பார்த்தால் அவள் சொல்வது சரிதான். சில இடங்களில் 'தி', 'எ' காணாமல் போகிறது. சில இடங்களில் வினைச்சொல்லே இல்லை. அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது பாதி வாக்கியம்தான். பிரிட்டன் நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அங்கே சுருக்கம் வேறு தினுசு. இது ஒரு தனி ஆங்கிலமா? இதற்கு விதி ஏதும் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், திங்கட்கிழமை அந்தப் பெண்ணின் முகத்தில் விழிக்க வேண்டும்.


நிலக்கரி | ஞாயிறு, இரவு 9.40

விதியாவது ஒன்றாவது. சோம்பேறித்தனம். முப்பது வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் சொல்கிறேன், எழுவாய் பயனிலை இல்லாத எதுவும் வாக்கியம் ஆகாது. 2013-இல் தந்தியை மூடிவிட்டார்கள், தந்தி ஆங்கிலம் மட்டும் டிவியில் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் காட்டாதீர்கள். முழு வாக்கியம் எழுத அவர்கள் படும் பாடே போதும்.


பஸ்ஸர்விரல் | ஞாயிறு, இரவு 10.25

நிலக்கரி ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். பதினைந்து வருடமாகச் சென்னையில் வினாடி வினாக்களில் உட்கார்ந்தும், சிலவற்றுக்குக் கேள்வி எழுதியும் வருகிறேன். ஒரு கேள்வியிலிருந்து நாலு வார்த்தை எடுக்க நாலு வார்த்தை சேர்ப்பதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

கடைசிபெஞ்ச் சார், ஜெப்பர்டியின் பிறப்புக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1950-களின் கடைசியில் அமெரிக்க வினாடி வினா நிகழ்ச்சிகள் நாறிப்போயின. போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே விடை கொடுத்து நாடகம் நடத்தியது அம்பலமானது. அதன் பிறகு மெர்வ் கிரிஃபின் புது நிகழ்ச்சி ஒன்றுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி ஜூலன் விமானத்தில் வைத்து ஒரு யோசனை சொன்னார்: விடையை நாமே கொடுத்துவிடுவோம், கேள்வியை அவர்கள் சொல்லட்டும். உதாரணத்துக்கு அவர் சொன்னது "5,280". அவ்வளவுதான். கிரிஃபின் சொல்ல வேண்டியது "ஒரு மைலுக்கு எத்தனை அடி?" நிகழ்ச்சியின் முதல் குறிப்பே ஒரு வெறும் எண். இதைவிட என்ன சுருக்க முடியும்? 1964 மார்ச்சில் அது ஒளிபரப்பானது.

ஆக, அந்தப் பெண் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அது கேள்வி இல்லை. கேள்வியைப் போட்டியாளர்தான் சொல்ல வேண்டும், "வாட் இஸ் ஈஜிப்ட்?" என்று. கொடுக்கப்படுவது விடையின் பக்கம் நிற்கும் ஒரு விவரணை. அதனால்தான் அங்கே 'விச்', 'ஹூ' வராது. அவை வர வேண்டிய இடத்தில் 'திஸ்' வந்து உட்காருகிறது. விட்ட இடத்தை நிரப்பு என்று நாம் கோடு போடுவோமே, அந்தக் கோடுதான் 'திஸ்'. ஆனால் வெறும் கோட்டுக்கு இல்லாத ஒரு வேலை இதற்கு உண்டு. 'திஸ் ரிவர்' என்றால் நதியைத் தவிர வேறு எதுவும் சொல்லாதே என்று அர்த்தம். கேள்வி எழுதும் நாங்கள் இதை ஆணி அடிப்பது என்போம். 'தி', 'எ', 'இஸ்' எல்லாம் போகலாம், ஆணி போகக் கூடாது. ஆணி கழன்றால் போட்டியாளர் வேறு ஒரு சரியான விடையைச் சொல்லிவிட்டு மேடையில் சண்டைக்கு வருவார்.

இன்னொன்று நேரம். 61 குறிப்புகள், அரை மணி நேர நிகழ்ச்சி, அதிலும் விளம்பரம். நீலக் கட்டத்தில் வெள்ளை எழுத்து, எல்லாம் பெரிய எழுத்து. அதையும் தொகுப்பாளர் கடைசி எழுத்து வரை வாசித்து முடித்த பிறகுதான் பஸ்ஸர் திறக்கும். முந்திக்கொண்டு அழுத்தினால் கால் நொடி பூட்டு விழும். 1984-இல் நிகழ்ச்சியை மறுபடி தொடங்கியபோது, பழைய காலம் போலவே, இடையில் அழுத்தலாம் என்றுதான் இருந்தது. ஒரே வருடத்தில் மாற்றிவிட்டார்கள், வீட்டில் இருப்பவர்களும் கூடவே விளையாட முடியவில்லை என்று. இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் எல்லோரும் காத்திருந்து கேட்க வேண்டியிருக்கிறது. வேலை செய்யாத வார்த்தைக்கு அங்கே சம்பளம் கிடையாது.


குரூப்2கனவு | ஞாயிறு, இரவு 10.51

அண்ணா, 1964-ஆ? விக்கியில் 1984 என்று பார்த்த ஞாபகம்.


பஸ்ஸர்விரல் | ஞாயிறு, இரவு 10.58

தம்பி, இரண்டும் சரிதான். 1964-இல் ஆரம்பித்தது ஆர்ட் ஃபிளெமிங் நடத்திய பகல்நேர நிகழ்ச்சி. 1984-இல் அலெக்ஸ் ட்ரெபெக் வந்தது இப்போது ஓடுகிற வடிவம். 2020 நவம்பரில் இறக்கும் வரை அவர்தான்.


ஸ்கார்பரோக்காரன் | திங்கள், காலை 6.03

இழையைப் பார்த்தவுடன் சிரிப்பு வந்துவிட்டது. கடைசிபெஞ்ச் சேர், உங்கட மாணவிக்கு வந்த அதே குழப்பம் ஐபிஎம் கம்பெனியின் கணினிக்கும் வந்தது. அதில் மாட்டுப்பட்டது எங்கட ஊர்!

2011 பெப்ரவரியில் வாட்சன் என்ற கணினியை ஜெப்பர்டியின் இரண்டு பெரும் சாம்பியன்களோடு மோத விட்டார்கள், கென் ஜெனிங்ஸ், பிராட் ரட்டர். முதல் ஆட்டத்தின் இறுதிக் குறிப்பின் தலைப்பு அமெரிக்க நகரங்கள். குறிப்பு கிட்டத்தட்ட இப்படி: இதன் மிகப் பெரிய விமான நிலையத்துக்கு இரண்டாம் உலகப் போர் வீரர் ஒருவரின் பெயர்; இரண்டாவது பெரியதுக்கு இரண்டாம் உலகப் போர்ச் சண்டை ஒன்றின் பெயர். மனிதர்கள் இரண்டு பேரும் சிகாகோ என்று எழுதினார்கள். ஓ'ஹேர் ஒரு கடற்படை விமானி, மிட்வே 1942 சண்டை. வாட்சன் எழுதியது: டொராண்டோ?????

கனடாவில் இருக்கிற எங்கட ஊர், ஐந்து கேள்விக்குறியோடு. அது குசும்பு இல்லை, தனக்கே நம்பிக்கை இல்லை என்று காட்டுகிற அடையாளம். டொராண்டோவுக்கு 14 சதவீதம், சிகாகோவுக்கு 11 சதவீதம் என்றுதான் அது கணக்குப் போட்டிருந்தது. இறுதிச் சுற்றில் எதையாவது சொல்லியே ஆக வேண்டும், அதனால் சொன்னது. பந்தயமும் 947 டொலர் மட்டும்தான் வைத்தது, நல்ல யாழ்ப்பாணத்து மூளை.

ஏன் சறுக்கியது என்று அதைச் செய்தவர்கள் பிறகு விளக்கினார்கள். ஒன்று, ஜெப்பர்டித் தலைப்புகள் பல நேரம் விடையோடு நேரடியாகப் பொருந்தாது, சும்மா சிலேடையாக இருக்கும். அதனால் தலைப்புக்கு அதிக மதிப்புக் கொடுக்காதே என்று அது பழகியிருந்தது. இரண்டாவதுதான் இந்த இழைக்குத் தேவையானது. ஆங்கில மூலத்தில் அரைப்புள்ளிக்குப் பிறகு வருவது இவ்வளவுதான்: 'இட்ஸ் செகண்ட் லார்ஜஸ்ட் ஃபார் எ வேர்ல்ட் வார் டூ பேட்டில்.' விமான நிலையம் என்ற சொல்லும் இல்லை, பெயரிடப்பட்டது என்ற வினையும் இல்லை. இரண்டையும் முன்பாதியிலிருந்து நாம்தான் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியை வாட்சனால் சரியாகப் பிரித்துப் படிக்க முடியாமல் போயிருக்கலாம் என்று அந்தக் குழுவில் இருந்த கிறிஸ் வெல்டி சொன்னார்.

அடுத்த ஆட்டத்தின் பதிவுக்கு ஐபிஎம் பொறியியலாளர் ஒருவர் டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ட்ரெபெக்கும் ஒன்ராறியோக்காரர்தான், சட்பரியில் பிறந்தவர்.


நிலக்கரி | திங்கள், காலை 7.15

பார்த்தீர்களா, கணினியே தோற்றுவிட்டது. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது. அரைகுறை வாக்கியம் யாருக்கும் உதவாது.


ஸ்கார்பரோக்காரன் | திங்கள், காலை 7.31

தோற்கவில்லை ஐயா. வென்றது. வாட்சனுக்கு 77,147 டொலர், ஜெனிங்ஸுக்கு 24,000, ரட்டருக்கு 21,600. சறுக்கியது அந்த ஒரு குறிப்பில். அதே குறிப்பை இரண்டு மனிதர்களும் ஒரு சிரமமும் இல்லாமல் படித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

பஸ்ஸர்விரல் சொன்ன ஆணி விஷயத்துக்கு ஐபிஎம் ஆட்களிடம் ஒரு கணக்கே உண்டு. 20,000 ஜெப்பர்டிக் குறிப்புகளை எடுத்து, விடை என்ன வகை என்று காட்டும் சொல் ஒவ்வொன்றிலும் எது என்று பார்த்தார்கள். நதி, கவிஞர், நாடு, நோய், நடனம் என்று சுமார் 2,500 வெவ்வேறு சொற்கள் கிடைத்தன. ஏறக்குறைய 12 சதவீதக் குறிப்புகளில் அந்தச் சொல்லே இல்லை, வெறும் 'இட்', 'திஸ்' மட்டும். மனிதர் அங்கே தலைப்பைப் பார்த்தோ வாடையைப் பிடித்தோ போவார். கணினிக்கு அதுதான் கஷ்டம்.


கடைசிபெஞ்ச் | திங்கள், மாலை 5.20

பள்ளியிலிருந்து இப்போதுதான் வந்தேன். சிகாகோ குறிப்பை வகுப்பில் சொன்னேன். அந்தப் பெண் கேட்டது: "அப்போ கம்ப்யூட்டரும் என்னை மாதிரிதானா சார்?" சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

பிரிட்டன் விஷயத்தை யாராவது சொல்லுங்கள். அங்கே முழுக் கேள்வியாகத்தான் கேட்கிறார்கள், ஆனாலும் ஏதோ ஒரு வெட்டு இருக்கிறது. மேலும் நம் நிகழ்ச்சிகள்? சரத்குமார் கோடீஸ்வரன் நடத்தியபோது நான் கல்லூரியில். அதில் கேள்வி எதுவும் இப்படி மொட்டையாக இருந்ததாக நினைவில்லை.


பஸ்ஸர்விரல் | திங்கள், இரவு 9.05

கோடீஸ்வரனில் மொட்டை அடிக்கத் தேவையே இல்லை. அவசரம் கிடையாது, பஸ்ஸர் கிடையாது, நாலு விடை கண்முன்னே இருக்கிறது. நீட்ட நீட்டத்தான் அங்கே நாடகம். பிரிட்டனில் 1998-இல் பிறந்த அந்த வடிவத்தின் தனி அடையாளம் 'விச் ஆஃப் தீஸ்', அதாவது 'இவற்றுள் எது'. பாதி ஆணியை நாலு விடைகளே அடித்துவிடும். இந்தியில் அமிதாப், தமிழில் சரத்குமார், பிறகு சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி என்று யார் நடத்தினாலும் அந்த 'இவற்றுள்' கூடவே வரும்.

ஆக, சுருக்கத்தின் தினுசு ஆட்ட விதியில் இருக்கிறது. எந்த விதியோ அந்த வெட்டு. மாஸ்டர்மைண்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-இல் பிபிசியில் ஆரம்பித்தது. கறுப்பு நாற்காலி, இரண்டு நிமிடம், அதற்குள் எத்தனை கேள்வி முடிகிறதோ அத்தனை. கேள்வியை வாசிக்கும் நேரமும் போட்டியாளர் கணக்கில்தான் கழியும். கேள்வி நீண்டால் அவருக்கு நஷ்டம். நேரம் முடிந்த மணி பாதிக் கேள்வியில் அடித்தால் அதை நடத்திய மேக்னஸ் மேக்னுசன் 'ஐ ஹேவ் ஸ்டார்ட்டட், ஸோ ஐ வில் ஃபினிஷ்' என்பார். அது அந்த ஊரில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது.

2000-இல் வந்த வீக்கஸ்ட் லிங்க் இன்னும் தந்திரம். 'இன் ஜியாக்ரஃபி,' 'இன் மியூசிக்,' என்று ஒரு சொல்லைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு மீதிக் கேள்விக்குள் பாய்வார் தொகுப்பாளர் ஆன் ராபின்சன். வினைச்சொல் கிடையாது, 'இப்போது புவியியலிலிருந்து ஒரு கேள்வி' என்ற மரியாதை கிடையாது. இரண்டே சொல்லில் மூளையை அந்த அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவது. 

எனக்கு ரொம்பப் பிடித்தது பிளாக்பஸ்டர்ஸ். பிரிட்டனில் 1983-இல் பள்ளி மாணவர்களை வைத்து பாப் ஹோல்னெஸ் நடத்தினார். பலகை முழுக்க எழுத்துகள். மாணவர் ஓர் எழுத்தைக் கேட்பார், கேள்வி இப்படி வரும்: 'வாட் பி இஸ்...' அதாவது, எந்த 'பி' பறக்கத் தெரியாத, நீந்தத் தெரிந்த பறவை? பென்குவின். பெயர்ச்சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஓர் எழுத்தை நிறுத்திவிட்டார்கள். இலக்கணப்படி பார்த்தால் அபத்தம், ஆனால் இதைவிடக் கச்சிதமான ஆணி நான் பார்த்ததில்லை.

பிரிட்டனில் பல்கலைக்கழக அணிகள் மோதும் யுனிவர்சிட்டி சேலஞ்ச் வேறு ஜாதி. அங்கே ஒவ்வொரு கேள்வித் தொகுதியின் முதல் கேள்விக்கும் இடைமறிக்கலாம், தப்பானால் 5 புள்ளி போகும். அதனால் கேள்வியை நீட்டுவார்கள், ஆனால் தலைகீழாக: கடினமான தகவல் முதலில், எளியது கடைசியில். 'இன்ன வருடம் பிறந்து, இன்னதைச் செய்து, இன்னதற்குப் பெயர் பெற்ற எந்த விஞ்ஞானி' என்று கேள்விச்சொல் பாதி வழியில்தான் தலை காட்டும். ஆங்கிலத்தில் சாதாரணமாக யாரும் இப்படிப் பேச மாட்டார்கள்.


ஆனைமலைத்_தமிழாசிரியை | திங்கள், இரவு 10.17

இந்த இழையை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸர்விரலின் கடைசிப் பத்தி வந்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் யாரும் இப்படிப் பேச மாட்டார்கள் என்கிறீர்கள். தமிழில் நாம் எப்போதும் அப்படித்தானே பேசுகிறோம்! 'திருச்சியில் 1888-இல் பிறந்து, ஒளிச்சிதறலை ஆராய்ந்து, 1930-இல் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் யார்?' அடைமொழிகள் எல்லாம் முன்னால், யார் என்பது கடைசியில். அவர்கள் முயற்சி செய்து வளைத்த வாக்கியம் நமக்கு வீட்டுச் சொத்து.

கடைசிபெஞ்ச் சார், 'ஹீ யார்' என்று உங்கள் மாணவி கேட்டதற்குத் தொல்காப்பியம் துணை நிற்கிறது. இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒரு வினையோடு சேர்ந்து வந்தால் இயற்பெயர்தான் முன்னால் வர வேண்டும், சுட்டு பின்னால். 'சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறு கொடு' என்பது உரைகாரர்கள் வழி வந்த எடுத்துக்காட்டு. 'அவன் வந்தான், சாத்தனுக்குச் சோறு கொடு' என்றால் இரண்டு பேர் என்று நினைப்போம். ஆனால் அடுத்த சூத்திரத்திலேயே விலக்கும் உண்டு, செய்யுளில் சுட்டு முன்னால் வரலாம் என்று. ஆக ஜெப்பர்டிக்காரர்கள் செய்யுள் எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்!

நிலக்கரி ஐயா, சொல்லை விழுங்குவது சோம்பல் என்றால் நம் இலக்கணம் முழுக்கச் சோம்பல்தான். தொகை என்றாலே மறைந்து நிற்பது. வேற்றுமை உருபு மறைந்தால் வேற்றுமைத்தொகை, உம் மறைந்தால் உம்மைத்தொகை. அன்மொழித்தொகை இருக்கிறதே, அது சுத்தமான வினாடி வினாக் குறிப்பு. 'பொற்றொடி வந்தாள்'. பொன் தொடி எங்கேயாவது நடந்து வருமா? தொடி அணிந்த பெண் அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிறாள், கேட்பவர்தான் அவளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

விடுகதையும் அப்படித்தான். 'ஊசி நுழையாத கிணற்றில் ஒரு படி தண்ணீர்.' வினாச்சொல் உண்டா? வினைமுற்று உண்டா? ஆறு வயதுப் பிள்ளை தேங்காய் என்கிறது. நம் பாட்டிமாருக்கு எந்த நிகழ்ச்சியையும் பார்த்துக் கற்கும் அவசியம் இருக்கவில்லை.

சிகாகோ குறிப்பைப் பற்றி ஒன்று. ஆங்கிலத்தில் வினை முதல் பாதியில் வந்துவிடுகிறது, இரண்டாம் பாதியில் மறைகிறது. அதனால் படிப்பவர் பின்னால் திரும்பிப் போய் அதை எடுத்து வர வேண்டும். தமிழில் மறைவது முன்பாதியில். 'அண்ணன் மதுரைக்கும் தம்பி கோவைக்கும் போனார்கள்' என்னும்போது அண்ணனுக்கான வினை இன்னும் வரவே இல்லை, ஆனாலும் யாரும் பதறுவதில்லை. கடைசியில் வரும் என்று தெரியும். காத்திருப்பது நம் காதுக்குப் பழக்கம்.


நிலக்கரி | திங்கள், இரவு 10.44

டீச்சர், அன்மொழித்தொகைக்கு முன்னால் நான் வாய் திறக்க முடியாது. வாபஸ். ஆனால் பரீட்சைத்தாளில் முழு வாக்கியம்தான். அதில் மாற்றம் இல்லை.


குரூப்2கனவு | திங்கள், இரவு 11.30

டீச்சர் சொன்னதைப் படித்ததும் எனக்குப் பழைய காயம் ஒன்று ஞாபகம் வந்தது. பிளஸ் டூ படிக்கும்போது மாவட்ட அளவில் ஒரு போட்டி. நடத்தியவர்கள் யார் என்று சொல்ல வேண்டாம். ஆங்கிலக் கேள்வித் தொகுப்பை அப்படியே தமிழாக்கி வாசித்தார்கள். ஒரு கேள்வி: '1869-இல் திறக்கப்பட்ட இந்தக் கால்வாய் மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கிறது.' வாசித்துவிட்டு எங்கள் முகத்தையே பார்க்கிறார். நாங்கள் அவர் முகத்தைப் பார்க்கிறோம். படம் ஏதோ காட்டப்போகிறார், அது திரையில் வரவில்லை என்று நினைத்துக்கொண்டோம். தமிழில் 'இந்தக் கால்வாய்' என்றால் சமூக அறிவியல் புத்தகத்தில் படத்துக்குக் கீழே போடுகிற வரி மாதிரிதானே இருக்கிறது? நேரம் போய்விட்டது. சூயஸ் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டாம் இடம், ஒரு கேள்வி வித்தியாசத்தில்.

இப்போது யோசித்தால், 'இணைக்கும் கால்வாய் எது' என்று முடித்திருந்தால் போதும். வார்த்தை கூடக் கூடவில்லை.


பஸ்ஸர்விரல் | செவ்வாய், காலை 8.10

தம்பி, உன் காயத்தில்தான் சரியான விஷயம் இருக்கிறது. 'திஸ்' வேறு, 'இந்த' வேறு. ஆங்கில வினாடி வினாவில் 'திஸ்' விரல் நீட்டுவதில்லை, காலியிடம் காட்டுகிறது. தமிழ் 'இந்த' விரலை நீட்டித்தான் தீரும். மொழிபெயர்ப்பவர்கள் மாட்டுவது இங்கேதான். தமிழில் அந்த வேலையைச் செய்வது வாக்கியக் கடைசியில் வரும் எது, யார், எவை. அவற்றிலும் ஆணி ஒளிந்திருக்கிறது. யார் என்றாலே ஆள் என்று தெரிந்துவிடும். எவை என்றால் ஒன்றுக்கு மேல்.

அதே நேரம் ஆங்கிலத்தில் 'ஹீ', 'ஷீ' போட்டால் பாதி மனித குலம் கழிந்துவிடும். அமெரிக்கக் கல்லூரிகளின் 'குவிஸ் பவுல்' போட்டிகளில் ஒரு கேள்விக்குள் நாலு தடவை 'திஸ் பர்சன்' என்று எழுதுவது சில நேரம் அந்தக் கசிவை அடைக்கத்தான். நமக்கு 'இவர்' போதும், ஆணா பெண்ணா என்று தெரியாது.

நம் ஊர் ஆங்கில வினாடி வினாக்காரர்களின் சுருக்கத்தையும் சொல்லாவிட்டால் நண்பர்கள் அடிப்பார்கள். திரையில் பத்து வரி இருக்கும். பெயர்கள் எல்லாம் எக்ஸ், ஒய் என்று மறைக்கப்பட்டிருக்கும். கடைசியில் கேள்வி இரண்டே சொல்: 'ஐடி எக்ஸ்.' எக்ஸை அடையாளம் காட்டு என்று அர்த்தம். அல்லது ஐந்து படம் போட்டுவிட்டு 'கனெக்ட்'. இன்னும் விசேஷம் 'புட் ஃபண்டா'. ஒரு விசித்திரமான தகவலைச் சொல்லி, இதன் பின்னால் உள்ள காரணத்தை விளக்கு என்பதற்கு இந்திய வினாடி வினாவின் மூத்த சுருக்கம் இது. இதை ஒரு வெள்ளைக்காரரிடம் சொன்னால் ஃபான்டா என்ற ஆரஞ்சு பானத்தை எங்கே ஊற்றுவது என்று கேட்பார். நான் முதன்முதலில் சென்னையில் ஒரு கல்லூரி அரங்கில் இதைக் கேட்டபோது மலங்க மலங்க விழித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் காதில் சொன்னார், "கதை விடுடா, அதைத்தான் கேக்குறாங்க."


ஸ்கார்பரோக்காரன் | செவ்வாய், மாலை 7.45

விடைப் பக்கத்திலும் சுருக்கம் உண்டு, அதை ஒருவரும் சொல்லவில்லையே. 2021-இல் மாட் அமோடியோ என்று யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஜெப்பர்டியில் 38 ஆட்டம் தொடர்ந்து வென்றார். ஆளைக் கேட்டாலும் ஊரைக் கேட்டாலும் எல்லாவற்றுக்கும் 'வாட்ஸ்' தான். 'ஹூ இஸ்' என்று மாற்றி யோசிக்கும் அந்த ஒரு நொடி மிச்சம் என்பது அவர் கணக்கு. 'வாட்ஸ் ஷேக்ஸ்பியரா?' என்று கொஞ்சப் பேர் கொதித்துப்போனார்கள். விதியில் கேள்வி வடிவம் வேண்டும் என்றுதான் இருக்கிறது, சரியான வினாச்சொல் வேண்டும் என்று இல்லை என நிகழ்ச்சி தரப்பே சொல்லிவிட்டது.

டீச்சர் கணக்கில் அது உயர்திணையை அஃறிணை ஆக்கிய குற்றம். திணை வழு!


ஆனைமலைத்_தமிழாசிரியை | செவ்வாய், இரவு 8.02

உவப்பினால் வந்தால் திணை வழுவமைதி என்று விட்டுவிடலாம் தம்பி. 38 ஆட்டம் வென்ற உவப்பு இருக்கிறதே.


மட்டுறுத்துநர் | செவ்வாய், இரவு 8.30

கோடீஸ்வரனை நடத்தியவர்களில் யார் சிறந்தவர் என்று தொடங்கிய ஏழு பதிவுகளைத் திரைப் பகுதிக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.


கடைசிபெஞ்ச் | புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. இன்று கடைசி பீரியடில் பிள்ளைகளையே குறிப்பு எழுத வைத்தேன். ஒரே நிபந்தனை: எழுதிய பிறகு ஒரு சொல்லை எடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் விடை தெரிந்தால் இன்னொன்றையும் எடுக்க வேண்டும், தடுமாறும் வரை. முதலில் விழுந்தவை 'ஆகும்', 'உள்ளது', 'ஒரு', 'மிகவும்'. இவை போனதை யாருமே கவனிக்கவில்லை! ஒரு பையன் உற்சாகத்தில் 'நதி' என்ற சொல்லையும் எடுத்துவிட்டான். 'தலைக்காவேரியில் பிறந்து பூம்புகாரில் முடிவது.' பக்கத்துப் பையன் "பஸ் ரூட்டா?" என்று கேட்டான். பஸ்ஸர்விரல் சொன்ன ஆணியை அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நம் எட்டாம் வகுப்பு நாயகி எழுதியதை அப்படியே தருகிறேன். சிகாகோவை மனதில் வைத்து எழுதினாளாம். டீச்சர் சொன்ன முறைப்படி வினையைக் கடைசியில் வைத்திருக்கிறாள்:

'விமான நிலையத்தின் பன்னாட்டு முனையம் அண்ணா, உள்நாட்டு முனையம் காமராசர், சென்ட்ரல் ரயில் நிலையம் எம்.ஜி.ஆர். பெயர் தாங்கும் நகரம்.'

பத்து எண்ணுவதற்குள் விடை வேண்டும் என்கிறாள்.


நிலக்கரி | புதன், இரவு 9.58

எது என்று கடைசியில் போடவில்லையே. இருந்தாலும் அருமை. சென்னை.


ஸ்கார்பரோக்காரன் | புதன், இரவு 10.01

டொராண்டோ?????